பிடிச்ச ரேடியோ ஹோஸ்ட் காசு கட்டுற சேட்டிலைட்டுக்கு போனா எத்தனை பேர் பின்னாடி போவாங்க? கணக்கு போடுற விதம்

ஒருத்தர் வருஷக்கணக்கா ஓசில பேசிட்டு இருந்த ரேடியோவை விட்டுட்டு மாசாமாசம் காசு கட்டுற இடத்துக்கு போறாருன்னு நியூஸ் வந்தா போதும், உடனே ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒரு கட்சி "அவருக்காக உயிரையே குடுப்பாங்க, பத்து பதிமூணு டாலர் குடுக்க மாட்டாங்களா"ம்பாங்க, இன்னொரு கட்சி "ஓசில கெடைக்கிற வரைக்கும்தான் ஃபேன், பில்லு வந்தா ஒருத்தன் நிக்க மாட்டான்"ம்பாங்க. ரெண்டு பேருமே கணக்கு போட மாட்டாங்க. இந்த கணக்கை எப்படி போடணும்னுதான் எழுதுறேன், உதாரணத்துக்கு எடுத்துக்கறது ஹோவர்ட் ஸ்டெர்ன், ஏன்னா இந்த விஷயத்துல அவரை விட பெரிய, எண்ணிக்கையோட இருக்குற கேஸ் வேற கிடையாது.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஸ்டெர்ன் நியூயார்க்ல 92.3 கே-ராக்ல காலை ஷோ பண்ணவர், அங்கிருந்து அமெரிக்கா முழுக்க பல ஊருக்கு போகும். பச்சையா பேசுவாரு, அதனால அமெரிக்காவோட ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் எஃப்சிசி அவர் ஷோவை போட்ட ஸ்டேஷன்காரங்களுக்கு அபராதம் மேல அபராதம் போடும், 1990-ல இருந்து 2004 வரைக்கும் கூட்டிப்பார்த்தா 25 லட்சம் டாலர் வரும். 2004 பிப்ரவரில சூப்பர் பவுல் ஃபுட்பால் ஃபைனல் நடுவுல பாட வந்த ஜேனட் ஜாக்சன் டிரெஸ் நேரடி டிவில கழண்ட விவகாரம் நடந்து ஊரே கொதிச்சு போச்சு, அந்த சூட்டோட கிளியர் சேனல் கம்பெனி தன்னோட ஆறு ஸ்டேஷன்ல இருந்து இவரை தூக்கிருச்சு. 2004 அக்டோபர் 6-ம் தேதி இவரு ஏர்லயே சொல்லிட்டாரு, 2006-ல இருந்து சிரியஸ் சேட்டிலைட் ரேடியோவுக்கு (சேட்டிலைட் வழியா வர்ற, தனி ரிசீவர் வச்சு மாச சந்தா கட்டி கேக்கற ரேடியோ) போறேன்னு. அஞ்சு வருஷம், 50 கோடி டாலர். அப்போ சிரியஸுக்கு மொத்தமே ஆறு லட்சத்து சொச்சம் சந்தாதாரர்தான், போட்டியாளர் எக்ஸ்எம் எங்கேயோ முன்னாடி ஓடிட்டு இருந்துச்சு.

நான் அந்த டைம்ல நியூஜெர்சில வேலை, எடிசன் பக்கம் வீடு, ஆபீஸுக்கு ஒரு வெள்ளைக்கார கொலீக் கார்ல ஷேர் பண்ணி போவேன். காலைல ஏறி உக்காந்தா கே-ராக்தான் ஓடும், வேற ஸ்டேஷன் மாத்தினா அவருக்கு கோவம் வந்துரும். எனக்கு முதல் ஆறு மாசம் ஒண்ணும் புரியல, அப்புறம் பாதி புரிஞ்சப்ப ஏன்டா புரிஞ்சுதுன்னு இருந்துச்சு, அது வேற கதை. ஆனா இந்த கணக்குல நான் கத்துக்கிட்டதுல பாதி அந்த கார்ல கத்துக்கிட்டதுதான்.

முதல் வேலை, "எத்தனை பேர் கேக்கறாங்க"ங்கற நம்பரை நம்பாதீங்க. ஸ்டெர்னுக்கு வாரத்துக்கு 1.2 கோடி பேர்னு எல்லா பேப்பர்லயும் போட்டாங்க. அந்த மாதிரி நம்பர் எப்படி வருதுன்னு பாருங்க. அப்போ ஆர்பிட்ரான்னு ஒரு கம்பெனி கொஞ்சம் பேரை தேர்ந்தெடுத்து வீட்டுக்கு டைரி அனுப்பும், ஒரு வாரம் எந்த ஸ்டேஷன் எப்போ கேட்டேன்னு அவங்க கையால எழுதி அனுப்பணும், கால் மணி நேரத்துக்குள்ள அஞ்சு நிமிஷம் கேட்டிருந்தாலே கேட்டவன்னு கணக்கு. அந்த வாரத்துல ஒரே ஒரு தடவை சிக்னல்ல நிக்கும்போது திருப்பினவனும், அஞ்சு நாளும் ஆறு மணிலருந்து பத்து மணி வரைக்கும் கேக்கறவனும் அந்த 1.2 கோடில ஆளுக்கு ஒரு தலைதான். இத குமுலேட்டிவ்னு, சுருக்கமா க்யூம்னு ரேடியோக்காரங்க சொல்வாங்க. அது கூட்டம் எவ்வளவு அகலம்னு சொல்லும், ஆழத்தை சொல்லாது. நமக்கு வேண்டியது ஆழம். அதுக்கு அவங்களே வச்சிருக்கிற இன்னொரு நம்பர் இருக்கு, ஒரு ஆள் வாரத்துக்கு எவ்வளவு நேரம் கேக்கறான்னு. ஒரு ஹோஸ்ட் பத்தி கணக்கு போடணும்னா இந்த ரெண்டாவது நம்பரை தேடுங்க, கெடைக்கலன்னா தெரிஞ்சவங்க பத்து பேர்கிட்ட "நேத்து எத்தன மணிக்கு கேட்ட, எங்க உக்காந்து கேட்ட"ன்னு கேளுங்க. "பிடிக்குமா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் பிடிக்கும்னுதான் சொல்வாங்க.

ரெண்டாவது வேலைதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, நிறைய பேர் பண்றதே இல்ல. எத்தனை பேர் வருவாங்கன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேர் வந்தா போதும்னு போடுங்க. 50 கோடி டாலர் அஞ்சு வருஷத்துக்கு, அப்போ வருஷத்துக்கு 10 கோடி. இது அவர் பாக்கெட்டுக்கு மட்டும் போற காசு இல்ல, கூட வேலை பாக்கறவங்க சம்பளம், ஷோ செலவு எல்லாம் சேத்துதான். சிரியஸ் சந்தா மாசம் 12.95 டாலர், பன்னெண்டால பெருக்கினா வருஷத்துக்கு 155.40. 10 கோடியை இதால வகுத்தா கிட்டத்தட்ட 6.4 லட்சம் பேர். ஆனா சந்தா காசு முழுசும் கைல நிக்காது, கஸ்டமர் சர்வீஸ், பில்லிங், ரிசீவருக்கு குடுக்கற சலுகை எல்லாம் போகும். அதனால சிரியஸே வெளிப்படையா சொன்ன நம்பர் சுமார் 10 லட்சம் பேர். அத திருப்பி போட்டு பாத்தா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 100 டாலர் மிஞ்சும்னு அவங்க மனசுல வச்சிருக்காங்கன்னு அர்த்தம். இப்போ 10 லட்சத்தை 1.2 கோடியோட வச்சு பாருங்க, எட்டு சதவீதம் சொச்சம். நூறு பேர்ல 91 பேர் "போடா"ன்னு சொன்னாலும் டீல் தேறிடும்!

இது புரிஞ்சதும் அந்த ரெண்டு கட்சி சண்டையே அர்த்தம் இல்லாம போயிரும் பாருங்க. "பெரும்பாலானவங்க வர மாட்டாங்க"ங்கறது உண்மை, "டீல் ஜெயிக்கும்"ங்கறதும் உண்மையா இருக்கலாம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதல.

மூணாவது, ஃபேனோட பர்ஸ்ல இருந்து மொத்தமா எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க, 12.95 மட்டும் எழுதினா ஏமாந்துருவீங்க. அப்போ போன்ல கேக்கற காலம் இல்ல. தனியா ரிசீவர் வாங்கணும், கார்ல வைக்க கிட் வாங்கணும், காந்தம் வச்ச ஆன்டெனாவை கார் கூரை மேல ஒட்டி வயரை கதவு ரப்பர் இடுக்குல சொருகி உள்ள கொண்டு வரணும், ஆக்டிவேஷனுக்கு தனி காசு, பொண்டாட்டி கார்லயும் வேணும்னா ரெண்டாவது ரேடியோவுக்கு மாசம் 6.99. கார் ஸ்டீரியோல வயர் சொருக ஓட்டை இல்லாதவங்க ரிசீவர்ல இருக்குற சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வழியா காலியா இருக்குற ஒரு அலைவரிசைல பிடிச்சு கேக்கணும், நியூயார்க் ஏரியால காலி அலைவரிசைக்கு எங்க போறது, நாங்க டர்ன்பைக் ஹைவேல போறப்ப பக்கத்து லேன்ல ஒரு ஸ்பானிஷ் பாட்டு வந்து ஸ்டெர்ன் மேல ஏறி உக்காந்துக்கும், கொலீக் ஸ்டீரிங்கை குத்துவாரு. இந்த மாதிரி தொல்லைக்கு கணக்குல ஒரு ரூபா கூட யாரும் போடறது இல்ல, ஆனா "அப்புறம் வாங்கிக்கலாம்"னு தள்ளி போட வைக்கறது மாச சந்தாவை விட இந்த தொல்லைதான். முதல் வருஷ செலவுன்னு மொத்தமா போட்டு பாத்தீங்கன்னா 200 டாலரை தாண்டிரும்.

ஒரு சின்ன டெஸ்ட் சொல்றேன். ஃபேனுக்கு புது கார் எப்போ வரப்போகுதுன்னு கேளுங்க. சிரியஸ் ஃபோர்டு, டைம்லர்கிரைஸ்லர், பிஎம்டபிள்யூவோட கை கோத்திருந்துச்சு, எக்ஸ்எம் ஜிஎம், ஹோண்டாவோட. ஃபேக்டரிலயே ரேடியோ வச்சு வந்துட்டா மேல சொன்ன தொல்லை பூரா காணாம போயிரும், கொஞ்ச நாள் ஓசி டிரையல் வேற. அப்படி வர்றவன் ஸ்டெர்னுக்காக வந்தானா காருக்காக வந்தானான்னு பிரிக்கறதுதான் பின்னாடி கஷ்டம், அங்க வர்றேன்.

நாலாவது, அவர் குடுக்கறத ஓசில வேற எவனாவது குடுப்பானான்னு பாருங்க. பாட்டு போடற ஹோஸ்ட்னா அவர் போனா இன்னொருத்தர் அதே பாட்டை போடுவாரு, பின்னாடி யாரும் போக மாட்டாங்க. கிரிக்கெட் மாதிரி மேட்ச் கமெண்ட்ரின்னா மேட்ச்தான் முக்கியம், ஆள் இல்ல. ஸ்டெர்ன் மாதிரி மணிக்கணக்கா ஒரே குரல்ல, கூட ராபின் குயிவர்ஸ், ஃப்ரெட் நாரிஸ்னு பழக்கப்பட்ட ஒரு கும்பலோட, நேத்து நடந்த சண்டையோட தொடர்ச்சி இன்னிக்குன்னு சீரியல் மாதிரி ஓடற ஷோன்னா, அத விட்டா வேற எங்கயும் கெடைக்காது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. எஃப்சிசியோட ஆபாசப் பேச்சு விதி காத்துல வர்ற ஓசி ஒலிபரப்புக்குத்தான், காசு கட்டி கேக்கற சேட்டிலைட்டுக்கு கிடையாது. அதனால ஃபேனுக்கு அதே ஷோ காசுக்கு கெடைக்கல, பீப் இல்லாத ஷோ, விளம்பர பிரேக் கம்மியா இருக்குற ஷோ, ரெண்டு முழு சேனல், இதெல்லாம் கெடைக்குது. ஓசில குடுத்த அதே சாமானை விலை போட்டு வித்தா கோவம்தான் வரும். கூட ஏதாவது இருக்கணும்.

இதுக்கு எதிர் உதாரணம் அதே மாசத்துல பக்கத்து கம்பெனிலயே நடந்துச்சு. ஓப்பி அண்ட் ஆண்டனின்னு ஜோடியா ஷோ பண்ற ரெண்டு ஹோஸ்ட், 2002-ல நியூயார்க் ஸ்டேஷன்ல இருந்து வேலை போனவங்க, 2004 அக்டோபர் 4-ம் தேதி எக்ஸ்எம்ல ஆரம்பிச்சாங்க. எக்ஸ்எம் அப்போ மாசம் 9.99, இவங்க சேனலுக்கு மட்டும் கூடுதலா 1.99 கட்டணும்னு வச்சாங்க. ஆறு மாசம் போல ஓடுச்சு, 2005 ஏப்ரல்ல மொத்த சந்தாவையே 12.95-க்கு ஏத்திட்டு அந்த 1.99-ஐ எடுத்துட்டு எல்லாருக்கும் சேத்து குடுத்துட்டாங்க. ஒரு ஆளுக்கு மட்டும் தனி விலை போட்டா சந்தாதாரர் மாசாமாசம் அவரை எடை போட ஆரம்பிச்சிருவான், "இந்த மாசம் ரெண்டு டாலருக்கு சிரிச்சேனா"ன்னு. பொட்டலமா கட்டி குடுத்தா அந்த கேள்வியே வராது. நீங்க கணக்கு போடும்போது ஹோஸ்டுக்கு தனி பில்லா, இல்ல நூறு சேனலோட சேந்து வர்றாரான்னு கட்டாயம் பாருங்க. வீட்ல மத்தவங்க சம்மதமும் இதுல அடங்கும், சிரியஸ்ல என்எஃப்எல் ஃபுட்பால் இருந்துச்சு, பாட்டு சேனல் இருந்துச்சு, குழந்தைங்களுக்கு சேனல் இருந்துச்சு, ஸ்டெர்ன் பேரை வீட்ல வாயை திறந்து சொல்ல முடியாத மனுஷன்கூட அத சொல்லி வாங்கிட்டான்.

அஞ்சாவது, எவ்வளவு நாள் முன்னாடி சொன்னாங்கன்னு பாருங்க. இத யாரும் கவனிக்கறது இல்ல, எனக்கு இதுதான் இந்த கேஸ்லயே ரொம்ப சுவாரசியம். 2004 அக்டோபர்ல அறிவிச்சாரு, கடைசி ஓசி ஷோ 2005 டிசம்பர் 16. பதினாலு மாசம். அந்த பதினாலு மாசமும் இன்னொருத்தன் ஸ்டேஷன்ல உக்காந்து அவன் அலைவரிசைலயே தான் போகப்போற கம்பெனிக்கு விளம்பரம் பண்ணாரு, அறிவிச்ச அடுத்த மாசமே மன்ஹாட்டன்ல யூனியன் ஸ்கொயர்ல கூட்டம் கூட்டி ரிசீவரை ஓசில தூக்கி குடுத்தாரு. பின்னாடி 2006-ல கே-ராக்கோட முதலாளி கம்பெனி சிபிஎஸ் ரேடியோ இதுக்காகவே கேஸ் போட்டுச்சு, சில மாசத்துல சமரசம் ஆச்சு, சிரியஸ் 20 லட்சம் டாலர் குடுத்து அவரோட பழைய ஷோ டேப் உரிமையையும் சேத்து வாங்கிடுச்சு. சிபிஎஸ் கோவத்துல நியாயம் இருக்குதான், ஆனா ஏர்ல விட்டது யாரு? எப்படியோ, நீங்க பாக்கற ஹோஸ்டுக்கு இந்த மாதிரி நீளமான விடைபெறும் காலம் கெடைக்கலன்னா, அதாவது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவை சாத்தி வெளிய அனுப்பிட்டாங்கன்னா, உங்க சதவீதத்தை நல்லா கொறைச்சுக்கங்க. பாதி பேருக்கு அவர் எங்க போனாருன்னே தெரியாது.

இன்னொரு விஷயமும் இதுல ஒட்டிட்டு இருக்கு. அறிவிச்ச அன்னிக்கே ஓடிப்போய் வாங்கறவன் ரொம்ப கம்மி. ஓசி நிக்கற நாள் வரைக்கும் ஓசில கேப்பான், மனுஷ புத்தி. சிரியஸ் 2005 செப்டம்பர் கடைசில 21.7 லட்சம் சந்தாதாரர், டிசம்பர் கடைசில 33.2 லட்சம். மூணே மாசத்துல 11 லட்சத்துக்கு மேல. கிறிஸ்துமஸ் பரிசு சீசனும் அதுல சேந்துக்குச்சு, என் கொலீக்குக்கும் அவர் தங்கச்சிதான் வாங்கி குடுத்துச்சு, பதினாலு மாசமா "வாங்கணும் வாங்கணும்"னு சொல்லிட்டு இருந்த மனுஷன் கடைசி வரைக்கும் தன் காசுல வாங்கல.

இப்போ கஷ்டமான பகுதி, எத்தனை பேர் உண்மைலயே அவருக்காக வந்தாங்கன்னு பின்னாடி அளக்கறது. கம்பெனி சொல்ற வளர்ச்சிய அப்படியே தூக்கி ஹோஸ்ட் தலைல வைக்கக்கூடாது. பக்கத்துலயே அதே சாமானை அதே விலைக்கு விக்கற, ஆனா அந்த ஹோஸ்ட் இல்லாத ஒரு கம்பெனி இருந்தா அதிர்ஷ்டம், அதோட ஒப்பிட்டு பாக்கலாம். இங்க எக்ஸ்எம் இருந்துச்சு.

நம்பர் எடுத்துக்கங்க. சிரியஸ் 2003 கடைசில 2.6 லட்சம், 2004 கடைசில 11.4, 2005 கடைசில 33.2, 2006 கடைசில 60.2. எக்ஸ்எம் அதே நாலு வருஷக் கடைசில 13.6, 32.3, 59.3, 76.3. இப்போ ஒவ்வொரு வருஷமும் ரெண்டு கம்பெனிக்கும் சேத்து புதுசா வந்தவங்கள்ல சிரியஸுக்கு எவ்வளவு பங்குன்னு போடுங்க. 2004-ல மொத்தம் 27.5 லட்சம் புதுசு, சிரியஸ் பங்கு 8.8, அதாவது 32 சதவீதம். 2005-ல 48.8 லட்சத்துல 21.8, கிட்டத்தட்ட 45. 2006-ல 44 லட்சத்துல 27, அது 61. ஸ்டெர்ன் வராம அந்த 32 சதவீதத்துலயே நின்னிருந்தா 2005-ல 15.6 லட்சம், 2006-ல 14 லட்சம் வந்திருக்கும், நெசமா வந்தது அத விட 6 லட்சமும் 13 லட்சமும் அதிகம். ரெண்டையும் கூட்டினா 19 லட்சம்.

இந்த 19 லட்சத்தை சட்டுனு எடுத்துட்டு போய் யார்கிட்டயும் சண்டை போடாதீங்க, இதுல ஓட்டை இருக்கு. சிரியஸ் ரேடியோவோட வர்ற கார் 2006-ல நிறைய அதிகமாச்சு, அது ஸ்டெர்னால இல்ல. 2006-ல ரிசீவர்ல இருக்குற எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் அளவுக்கு மேல சக்தியா இருக்குன்னு எஃப்சிசி பிடிச்சு எக்ஸ்எம் சில மாடல் சப்ளையை நிறுத்த வேண்டியதா போச்சு, அது எக்ஸ்எம் பக்கம் எண்ணிக்கையை கொறைச்சிருக்கும். இன்னொரு பக்கம், 2004 கடைசி மூணு மாசத்துல ஏற்கனவே ஸ்டெர்ன் அறிவிப்பு வந்தாச்சு, அதனால நான் அடிப்படையா வச்ச 32 சதவீதமே கொஞ்சம் ஊதிப்போனதுதான். எல்லாத்தையும் கூட்டி கழிச்சு 10 லட்சத்துக்கும் 19 லட்சத்துக்கும் நடுவுல எங்கயோன்னு நான் வச்சுக்கறேன். 1.2 கோடில அது எட்டுல இருந்து பதினாறு சதவீதம். இது என் கணக்கு, உங்களுக்கு வேற மாதிரி வந்தா அடிப்படை எதுன்னு சொல்லிட்டு சொல்லுங்க.

கம்பெனி என்ன நம்புச்சுங்கறதுக்கு ஒரு சாட்சி இருக்கு. ஒப்பந்தத்துல சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு இலக்கை தாண்டினா கம்பெனி பங்கு (ஷேர்) தரணும்னு இருந்துச்சு. 2006 ஜனவரில, இன்னும் ஒரு ஷோ கூட பண்றதுக்கு முன்னாடியே, ஸ்டெர்னுக்கும் அவர் ஏஜென்ட் டான் புக்வால்டுக்கும் சுமார் 3.4 கோடி பங்கு கைக்கு போச்சு, அன்னிக்கு விலைக்கு கிட்டத்தட்ட 22 கோடி டாலர். கையில காசு வாயில தோசை. ஜனவரி 9-ம் தேதிதான் முதல் ஷோ.

அப்புறம், போனவங்களை மட்டும் பாக்காதீங்க, அவர் விட்டுட்டு போன இடத்துல என்ன ஆச்சுன்னும் பாருங்க, அது இன்னும் தெளிவா பேசும். கே-ராக் பேரையே மாத்தி காலைல டேவிட் லீ ராத்தை, வான் ஹேலன் பேண்ட் பாடகரு, உக்கார வச்சாங்க. நாலு மாசம் தாங்கல. ஏப்ரல்ல அவரை எடுத்துட்டு யாரை கொண்டு வந்தாங்க தெரியுமா, எக்ஸ்எம்ல காசுக்கு ஓடிட்டு இருந்த அதே ஓப்பி அண்ட் ஆண்டனியை! காலைல ஓசில, அப்புறம் எக்ஸ்எம்ல தொடர்ச்சின்னு. மேற்குப் பக்கத்து ஊர்கள்ல ஸ்டெர்ன் இடத்துக்கு ஆடம் கரோலா வந்தாரு, 2009 வரைக்கும் ஓட்டினாரு, வேலை போன உடனே பாட்காஸ்ட் ஆரம்பிச்சு ஓசில குடுத்தே ஆளை சேத்துக்கிட்டாரு. ஆக, ஹோஸ்ட் போனதும் ஓசி ஸ்டேஷன்ல பெரிய பள்ளம் விழுது, ஆனா அந்த பள்ளத்துல இருந்து கொட்டினது எல்லாம் சேட்டிலைட்டுக்கு போய் விழல. சில நாள் கார்ல எங்களோட வர்ற இன்னொருத்தர் ஸ்டெர்ன் பரம ரசிகர், அவர் பண்ணது என்னன்னா தன் கார்ல போற நாள்ல ஸ்போர்ட்ஸ் டாக் கேக்க ஆரம்பிச்சுட்டாரு, அவ்வளவுதான், ரெண்டு வாரத்துல பழகிருச்சு. இந்த மாதிரி ஆள்தான் மீதி எண்பத்தஞ்சு தொண்ணூறு சதவீதம். கோவமும் இல்ல, துக்கமும் இல்ல.

இதனால ஹோஸ்ட் பக்கத்து நஷ்டத்தையும் கணக்குல ஒரு வரி எழுதணும். காசு பல மடங்கு, ஆனா வீச்சு சுருங்கிடும். ஓசில இருந்தப்ப கேக்காதவனுக்கும் அவர் பேசினது காதுல விழும், அடுத்த நாள் பேப்பர்ல வரும். காசு கட்டற சுவத்துக்குள்ள போயிட்டா உள்ள இருக்கறவனுக்கு மட்டும்தான். ஸ்பாட்டிஃபை 2020-ல பாட்காஸ்ட் பண்ற ஜோ ரோகனை வாங்கினப்ப இத பாத்துதானோ என்னமோ கேக்கறவன்கிட்ட காசு கேக்கல, ஆப்பை மட்டும் மாத்த வச்சாங்க, 2024 புது ஒப்பந்தத்துல அந்த பூட்டையும் எடுத்துட்டாங்க.

நம்ம ஊர்ல இந்த மாதிரி காசு கட்டி சேட்டிலைட் ரேடியோ கேட்டவங்களும் இருக்காங்க, வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கா? நோவா சமாரா ஆரம்பிச்சது, ஏஷியாஸ்டார் சேட்டிலைட், தமிழுக்கு கேஎல் ரேடியோன்னு தனி சேனல், ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத்துல வந்தாரு. ஆனா அங்க யாரும் ஒரு ஆளுக்காக போகல, விளம்பரம் இல்லாத பாட்டுக்காக போனாங்க, ரிசீவர் பெரும்பாலும் வீட்டு ஜன்னல் ஓரத்துல ஆன்டெனாவை அங்க இங்க திருப்பி வச்சு கேக்கற சாமான், கார்ல கூட வரல. 2009 டிசம்பர் 31-ம் தேதியோட இந்தியாவுல நின்னு போச்சு, ரிசீவர் பரண்ல தூங்குது. நம்ம கணக்குக்கு இதுல எடுத்துக்க வேண்டியது ஒண்ணுதான், கம்பெனி தாங்குமான்னு ஃபேன் யோசிப்பான், குறிப்பா வருஷ சந்தா மொத்தமா கட்ட சொன்னா. சிரியஸ் அப்போ 499.99-க்கு ஆயுள் சந்தா வித்துச்சு, யாரோட ஆயுள்னு நாங்க கார்ல சிரிச்சுப்போம். சிரிப்பு இல்ல, 2008 ஜூலைல எக்ஸ்எம்மோட இணைஞ்சும் 2009 பிப்ரவரில பங்கு அஞ்சு சென்ட் வரைக்கும் விழுந்து திவால் வாசல்ல நின்னாங்க, லிபர்ட்டி மீடியா 53 கோடி டாலர் கடன் குடுத்துதான் தூக்கி விட்டுச்சு.

கடைசியா ஒரு வேலை பாக்கி இருக்கு, வந்தவங்க நின்னாங்களா. புதுசா வந்தவங்களை மட்டும் எண்ணினா ஓட்டை வாளில தண்ணி மொண்ட மாதிரி. மாசத்துக்கு எத்தனை சதவீதம் கழண்டுக்கறாங்கன்னு கம்பெனி காலாண்டு அறிக்கைல போடும், சர்ன்னு சொல்வாங்க. மாசம் ரெண்டு சதவீதம்னா சின்னதா தெரியும், வருஷத்துக்கு போட்டா நூறுல இருபத்தி ரெண்டு பேர் போயிடறாங்க. ஹோஸ்டுக்காக வந்தவன் மத்தவனை விட அதிகம் நிப்பானான்னு தெரிஞ்சுக்க வழி, ஒப்பந்தம் முடியற சீசன். "இவர் போயிட்டா நானும் கட் பண்ணிருவேன்"னு எத்தனை பேர் சொல்றாங்கங்கறதை விட, கம்பெனி திரும்ப கையெழுத்து போட எவ்வளவு குடுக்க ரெடியா இருக்குன்னு பாருங்க, அவங்ககிட்டதான் யார் எந்த சேனலுக்காக சந்தா கட்டறான்னு ஓரளவு தகவல் இருக்கும். சிரியஸ் எக்ஸ்எம் 2010 டிசம்பர்ல புதுப்பிச்சுது, 2015 டிசம்பர்ல புதுப்பிச்சுது, 2020 டிசம்பர்ல திரும்பவும். அதுக்கு நடுவுல 2011-ல ஸ்டெர்னே அவங்க மேல கேஸ் போட்டாரு, எக்ஸ்எம் சந்தாதாரரையும் சேத்து எண்ணி போனஸ் பங்கு தரணும்னு, கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு. அந்த கேஸோட நோக்கமே நம்ம கேள்விதான், எவன் எவனுக்காக வந்தான்னு.

என் கொலீக் 2007-ல வேற ஸ்டேட் போயிட்டாரு. தங்கச்சி வாங்கி குடுத்த முதல் வருஷ சந்தா முடிஞ்சதும் கட் பண்ணிருவேன்னு சொல்லிட்டு இருந்தவரு கார்டை குடுத்து தானா புதுப்பிக்கற மாதிரி போட்டுட்டாரு, நிறுத்தணும்னா போன் பண்ணி அரை மணி நேரம் பேசணும்ல.